உபவாசமும் உண்ணாவிரதமும்

"அண்ணாச்சி, மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து ஜெபிச்சிட்டேன். வேலை விஷயம் கொஞ்சங்கூட நகரலையே?"

பாளையங்கோட்டையில் நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில், கிளாஸைக் கையில் வாங்கியதுமே அந்தத் தம்பி கேட்டான். எங்கள் சபையில் வளர்ந்த பையன். அன்று அவனிடம் சொன்னதோடு, டீ ஆறுவதற்குள் சொல்லி முடியாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சாப்பிடாமல் இருப்பதற்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. உண்ணாவிரதம் என்றதும் பந்தலும் கோரிக்கைப் பதாகையும்தான் நினைவுக்கு வரும். 1952இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாமல் இருந்து, டிசம்பர் 15 அன்று உயிர்விட்டார். சில நாட்களிலேயே பிரதமர் நேரு தனி மாநிலத்தை அறிவித்தார். எதிரில் இருப்பவர் இணங்க வேண்டும் என்பதற்காக எடுக்கும் விரதம் அது. அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

உபவாசம் வேறு. வடமொழியில் 'உப' என்றால் அருகில், 'வாசம்' என்றால் தங்குதல். அருகே போய்த் தங்குவது, அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் சோறும் இல்லை, பட்டினியும் இல்லை. வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது நமக்கு வாய்த்த பேறு என்றே நினைக்கிறேன். ஏகாதசிக்குச் சாப்பிடாமல் இருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் அதே சொல்தான்.

தம்பி மூன்று வெள்ளியும் இருந்தது உண்ணாவிரதம். கடவுளுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாள் உபவாசம் இருந்தால் இன்னது கிடைக்கும் என்று மேடையிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். அது தவறான போதனை. பிள்ளை பட்டினி கிடந்தால்தான் தகப்பன் கண் திறப்பார் என்றால், அவர் என்ன தகப்பன்?

"அப்ப எதுக்கு அண்ணாச்சி பட்டினி? சாப்பிட்டுட்டே ஜெபிக்கலாமே?"

தாராளமாக ஜெபிக்கலாம், தினமும் அப்படித்தானே ஜெபிக்கிறோம். ஆனால் நம் ஜெபம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு காலைப் பலகாரம், பதினொரு மணி டீ, மதியச் சாப்பாடு என்று நாள் ஓடிவிடும். உபவாச நாளில் அந்தப் பதினொரு மணிக்கு வயிறு இழுக்கும். அதையே ஆலய மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பசிக்கும்போதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்: "ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன்." அன்றைக்கு ஞாபகப்படுத்தும் வேலையை உடம்பே செய்கிறது. ஜெபத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வயிறுதான்.

இன்னொன்றும் நடக்கும். பசி வந்தால் என்னென்ன பறந்துபோகும் என்று நம் பெரியவர்கள் பட்டியலே வைத்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் உபவாச நாளில், வீட்டு வேலைக்கு வரும் அக்கா அரை மணி நேரம் தாமதமாக வந்தார். நான் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஜெபிக்க உட்கார்ந்து ஏசாயா 58ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். நாங்கள் நோன்பிருக்கிறோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். நோன்பு நாளிலும் வேலையாட்களை வதைக்கிறீர்களே, சண்டை போடுகிறீர்களே என்று பதில் வருகிறது. கட்டுண்டவனை விடுவிப்பதும், பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும், வீடில்லாதவனை வீட்டுக்குள் சேர்ப்பதுமே தாம் விரும்பும் உபவாசம் என்கிறார் கடவுள். அதற்குமேல் எனக்கு வாசிக்க முடியவில்லை. மறுநாள் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைய உபவாசத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான். வயிறு நிறைந்திருந்தால் அந்தக் கோபம் எனக்குள் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

பசித்தவனோடு பகிர்வதும் உபவாசம்தான் என்பது ஆதிச் சபைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற நூலில் கணக்கே இருக்கிறது. நோன்பு நாளில் நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அநாதைக்கோ கொடு என்கிறது. அப்படிப் பார்த்தால் விட்ட வேளை இன்னொருவர் தட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ராத்திரிக்குப் பிரியாணியாகச் சேர்த்து வைப்பதற்கு அல்ல.

என் மனைவி வீட்டார் கத்தோலிக்கர். அங்கே பழைய ஆட்கள் உபவாசத்தை ஒருசந்தி என்பார்கள்: நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு. இறைச்சி தவிர்ப்பதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். சாம்பல் புதன், பெரிய வெள்ளி இரண்டும் அவர்களுக்குக் கட்டாய ஒருசந்தி. அந்தக் கட்டாயமும் 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும்வரைதான், நோயாளிகளுக்கு இல்லை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்து நாற்பது என்று கணக்கு வைத்தார்கள். இயேசு வனாந்தரத்தில் இருந்த நாற்பது நாளின் நினைவு அது.

அவரே மலைப்பிரசங்கத்தில் ஒன்று சொல்லியிருக்கிறார்: உபவாசம் இருக்கும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொள், ஊருக்குத் தெரிய வேண்டாம். வாடிய முகத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடும் இந்தக் காலத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

"அப்ப வேலைக்காக ஜெபிக்கக் கூடாதா அண்ணாச்சி?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது.

ஜெபி. எது வேண்டுமோ அதைக் கேள். பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்? ஆனால் பசியை விலையாக வைத்துக் கேட்காதே. கேட்டு முடித்த பிறகும் எழுந்து போய்விடாமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

இதைப் படிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்தவுடன் மூன்று நாள், ஏழு நாள் என்று இறங்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விட வேண்டாம். மற்றவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை மட்டும் விடுங்கள். தண்ணீர் குடியுங்கள். அந்த அரை மணி நேரம் போனை அணைத்துவிட்டுத் தனியாக உட்காருங்கள். அந்தச் சாப்பாட்டுக்கான காசை அன்று பொழுது சாய்வதற்குள் பசியோடு இருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.