7 புள்ளி, 4 வரை: வாசலில் இருக்கும் கணினிப் பாடம்

‘7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி.’ கோலப் புத்தகத்தில் காணும் இந்த ஒற்றை வரி முழுமையான ஒரு நிரல். நடுவில் 7 புள்ளி வை. மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து, முந்தைய வரிசையின் இடைவெளிகளில் வை. 4 வந்ததும் நிறுத்து. அடுத்தடுத்த கட்டளை, திரும்பச் செய்தல், நிறுத்தும் நிபந்தனை என்று நிரலாக்கத்தின் அடிப்படைகள் மூன்று இதில் இருக்கின்றன. சொன்னபடி வைத்தால் 37 புள்ளிகள் வரும். ‘4 வரை’ விடுபட்டால் ஒன்று வரை குறைந்து 49 ஆகிவிடும். இதைக் கோலமாவிலேயே ஒரு குழந்தை கண்டுகொள்ள முடியும்போது, முதல் கணினிப் பாடம் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு ஆதாரம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கியது. நியூசிலாந்தில் டிம் பெல்லும் நண்பர்களும் உருவாக்கிய, கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் முறையோ 1, 2, 4, 8, 16 புள்ளிகள் போட்ட ஐந்து அட்டைகளால் இரும எண்களைச் சொல்லித்தருகிறது. அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கரையோரப் பள்ளிக்கு அட்டைகூட வேண்டாம். ஐந்து சிப்பிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் அந்த மதிப்புகளில் ஒன்று. நிமிர்ந்தால் கணக்கில் சேரும், கவிழ்ந்தால் சேராது. 8, 4, 1 நிமிர்ந்தால் 13. ஐந்தே சிப்பிகளில் 0 முதல் 31 வரை எல்லா எண்களும் அடங்கிவிடும்.

இது விளையாட்டுதானே, பாடமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். வெறுமனே கோலம் போட்டால் அது கோலம் மட்டுமே. ஒரு குழந்தை கட்டளை சொல்ல, இன்னொன்று சொன்னதை மட்டும் செய்ய, தவறு வந்தால் எந்தக் கட்டளை பிசகியது என்று இருவரும் தேடித் திருத்தும்போது அது கணினிப் பாடமாகிறது. அந்தத் தேடலுக்குப் பெயர் சொல்லித்தருவது ஆசிரியரின் வேலை. கோலம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்ற பிரிவினைக்கும் வகுப்பில் இடம் தரக் கூடாது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கணினி தராமல் கோலமாவைக் காட்டி ஒப்பேற்றுவதா என்ற கேள்வி இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. கணினி அவர்களின் உரிமை. சிப்பியும் கோலமாவும் அதற்கு ஈடாகா. ஆனால் கணினி முன் உட்காரும்போது, விசையைத் தட்டுவதோடு நிற்காமல் கட்டளையிடத் தெரிந்த பிள்ளையாக உட்கார அவை உதவும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளைச் செயல்பாடுகளுக்குப் பழக்கியிருக்கிறது. அதில் எண்ணுக்கும் எழுத்துக்கும் பக்கத்தில் கட்டளைக்கும் ஓர் இடம் வேண்டும்.