ஏர்கன்னுக்கு ஸ்கோப் மாட்டுறீங்களா? கொத்தனார்கிட்ட தூக்குக்குண்டு கடன் வாங்குங்க!

திண்டுக்கல்,

"புது துப்பாக்கி சார், ஸ்கோப் இல்லாதப்போ நல்லாத்தான் சுட்டுச்சு. ஸ்கோப் மாட்டினதுல இருந்து ஒரு தடவை இடது பக்கம் போகுது, ஒரு தடவை வலது பக்கம் போகுது." ஏர்கன் வாங்கியவர்கள் கடைக்காரரிடம் வந்து புலம்புவது பெரும்பாலும் இதுதான். துப்பாக்கியை குறை சொல்வார்கள், ரவையை குறை சொல்வார்கள், கடைசியில் தன் கையையே குறை சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பல நேரம் கோளாறு இது எதிலும் இல்லை. ஸ்கோப் கோணலாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

பூட்டுக்கு பேர் போன ஊர் திண்டுக்கல். அரமும் ஸ்க்ரூ டிரைவரும் பிடித்துப் பழகிய கைகளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. துப்பாக்கியும் இந்த ஊருக்கு புதுசு அல்ல. 1755-ல் பவுஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு இங்கே ஆயுதச்சாலையே வைத்திருந்தார். எனவே நாலு ஸ்க்ரூ போட்டு ஒரு குழாயை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. அதை மட்டமாக மாட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது.

லைசென்ஸ் வேண்டாம்... ஆனால்!

முதலில் சட்டத்தை பார்த்துவிடுவோம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 0.177 அங்குலத்துக்கு (4.5 மில்லி மீட்டர்) மேற்படாமலும், ரவை கிளம்பும்போது அதன் சக்தி 20 ஜூல் அளவை தாண்டாமலும் இருந்தால் அந்த ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவை இல்லை. அரை கிராம் ரவை நொடிக்கு 600 அடி வேகத்தில் போனால் சுமார் 8 ஜூல்தான் வரும். சாதாரணமாக கிடைக்கும் ஏர்கன்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். 0.22 அங்குலம் என்று யாராவது நைசாக தள்ளிவிட்டால் வாங்கியவர் தலையில்தான் விடியும். அதற்கு லைசென்ஸ் கட்டாயம்.

லைசென்ஸ் இல்லை என்பதால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று நினைப்பவர்கள்தான் கம்பி எண்ணப் போகிறார்கள். வேடசந்தூர், வடமதுரை, நத்தம் பக்கம் நிலக்கடலை போட்ட விவசாயிக்கு மயில் மேல் கோபம் வருவது நியாயம்தான். விதைத்ததை கொத்தித் தின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் மயில் தேசியப் பறவை. வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில். சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் அல்ல, கொல்ல முயற்சி செய்வதும் சேர்ந்ததுதான். குறி தவறிவிட்டது என்று சொல்லி தப்பிக்க முடியாது.

காட்டுப்பன்றி விவகாரத்திலும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை சுட அனுமதி உண்டு. ஆனால் சுட வேண்டியது வனத்துறை ஊழியர்கள். தோட்டக்காரர் அல்ல. அய்யலூர் பக்கம் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளை சேர்த்து கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்கு ராத்திரியில் நடமாடும் பிராணி. அந்தக் காட்டு ஓரத்தில் டார்ச் லைட்டும் ஸ்கோப் வைத்த துப்பாக்கியுமாக ராத்திரி திரிந்தால் வனத்துறை பிடிக்காமல் விடாது.

ஆக, ஏர்கன் என்பது அட்டையிலும் காலி டின்னிலும் குறி பார்த்து சுடத்தான். போட்டிக்கு போகும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு தகவல். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங் வெண்கலம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில்தான். அதில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. சிறு துவாரம் வழியாக பார்த்து சுட வேண்டும். 2022-ல் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் பதக்கம் வாங்கினாரே, அவர் சுட்டது பிஸ்டல். அதிலும் ஸ்கோப் இல்லை. ஸ்கோப் என்பது வீட்டில் பழகுபவர்களின் சங்கதி.

எல்லா ஸ்கோப்பும் தாங்காது

நம் ஊரில் அதிகம் புழங்குவது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ஏர்கன். இதில் ஒரு விசித்திரம் உண்டு. நிஜத் துப்பாக்கி சுட்டவுடன் பின்னால் உதைக்கும். அதோடு சரி. ஸ்பிரிங் ஏர்கன் முதலில் பின்னால் உதைத்து, உள்ளே இருக்கும் பிஸ்டன் முனையில் போய் மோதியதும் டக்கென்று முன்னால் எகிறும். இப்படி முன்னும் பின்னும் குலுக்கினால் பெரிய துப்பாக்கிக்கு செய்த விலை உயர்ந்த ஸ்கோப்பில்கூட கண்ணாடி ஆடிப்போகும், உள்ளே இருக்கும் கூட்டல் குறி கோடு நகர்ந்துவிடும். அதனால் 'ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம்.

அடுத்தது, ஸ்கோப்பை பிடித்துக்கொள்ளும் வளையம். ஏர்கன் முதுகில் நீளவாட்டில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். பெரும்பாலும் 11 மில்லி மீட்டர் அளவு. அந்த அளவுக்கான வளையமாக இருக்க வேண்டும். ஸ்கோப் குழாய் ஒரு அங்குலமா, 30 மில்லி மீட்டரா என்பதையும் சேர்த்து கேட்டு வாங்க வேண்டும். அளவு மாறினால் எத்தனை முறுக்கினாலும் நிற்காது.

துப்பாக்கி முன்னால் எகிறும்போது ஸ்கோப் நின்ற இடத்தில் நிற்கப் பார்க்கும். விளைவு, கொஞ்சம் கொஞ்சமாக பின்பக்கம், அதாவது கண்ணை நோக்கி நகரும். இதை தடுக்க பின் வளையத்தின் அடியில் ஒரு சின்ன ஆணி இருக்கும். துப்பாக்கி முதுகில் உள்ள துளையில் அதை இறக்கிவிட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

தூக்குக்குண்டு வேலை

வேலை ஆரம்பிக்கும் முன் துப்பாக்கியில் ரவை இல்லை, ஸ்பிரிங் ஏற்றியிருக்கவில்லை என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். பள்ளத்தில் இருக்கும் எண்ணெயை பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டு, வளையத்தின் கீழ்ப்பாதியை பொருத்த வேண்டும். ஸ்கோப்பை அதில் வைத்து மேல்மூடியை போட்டு, ஸ்கோப் சுழலும் அளவுக்கு லூசாக விட வேண்டும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை தோளில் வைத்து, வழக்கமாக கன்னம் படும் இடத்தில் கன்னத்தை வைத்து, கண்ணை திறந்து பார்க்க வேண்டும். உள்ளே முழு வட்டமும் பளிச்சென்று தெரிந்தால் தூரம் சரி. ஓரத்தில் கருப்பு நிழல் விழுந்தால் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் சுமார் 3 அங்குலம் இருக்கும். பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் என்றால் கடைசி அளவுக்கு திருப்பி வைத்துக்கொண்டு இதை பார்ப்பது நல்லது.

இப்போதுதான் கொத்தனார் சாமான் தேவைப்படுகிறது. மணல் நிரப்பிய அரிசிப்பை மேல் துப்பாக்கியை அசையாமல் வையுங்கள். சின்ன ரசமட்டம் ஒன்றை துப்பாக்கி முதுகின் தட்டையான இடத்தில் குறுக்குவாட்டில் வைத்து, குமிழ் நடுவில் வரும்வரை துப்பாக்கியை திருப்புங்கள். துப்பாக்கி மட்டம் ஆகிவிட்டது. அடுத்து, 10 மீட்டர் தள்ளி தூக்குக்குண்டை கட்டி தொங்கவிடுங்கள். வெள்ளை நூலாக இருந்தால் கண்ணுக்கு தெளிவாக தெரியும். ஆடிக்காற்று அடிக்கும் நேரம் என்றால் நூல் ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு கொத்தனார்கள் செய்யும் அதே வழிதான், குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் கம்மென்று நின்றுவிடும்.

ஸ்கோப் வழியாக அந்த நூலை பாருங்கள். உள்ளே இருக்கும் செங்குத்துக் கோடு நூலோடு நூலாக ஒட்டி நிற்கும்வரை ஸ்கோப்பை மெதுவாக சுழற்றுங்கள். சிலர் ஸ்கோப்பின் மேல்மூடி மீது ரசமட்டத்தை வைத்து வேலையை முடித்துவிடுகிறார்கள். மூடி மட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் கோடும் மட்டமாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. கரண்ட் கம்பம், வாசல் நிலை இதையெல்லாம் வைத்து பார்ப்பதும் ஆபத்து. கம்பம் சாய்ந்திருக்கலாம். பூமி இழுக்கும் நூல் சாயாது.

முறுக்கும்போது லாரி வீல் நட்டை முறுக்குவது மாதிரி குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றிலும் கால் சுற்று கால் சுற்றாக முறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை டைட் வைத்தால் ஸ்கோப் அந்தப் பக்கம் உருண்டுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலை ஒரு தடவை பார்ப்பது அவசியம். வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து முறுக்கும் பலமே போதும். அதற்கு மேல் பலத்தை காட்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

10 மீட்டரில் மட்டும் சுடுபவருக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ரவை நேர்கோட்டில் போவதில்லை. போகப்போக கீழே இறங்கும். அதை ஈடுகட்ட குழல் கொஞ்சம் மேல்நோக்கித்தான் நிற்கிறது. துப்பாக்கி சாய்ந்தால் அந்த 'மேல்நோக்கு' பக்கவாட்டுக்கு திரும்பிவிடும். ஸ்கோப் கோணலாக இருந்தால் சுடுபவர் ஒரு தடவை துப்பாக்கியை நேராக பிடிப்பார், அடுத்த தடவை உள்ளே தெரியும் கோட்டை நேராக பிடிப்பார். ஆக, தடவைக்கு தடவை சாய்வு மாறும். 600 அடி வேக ரவையை 25 மீட்டருக்கு சரிசெய்து வைத்திருந்தால், 5 டிகிரி சாய்வு மாறியதும் 10 மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் அளவே விலகும். அதே சாய்வு 25 மீட்டரில் சுமார் ஒரு சென்டி மீட்டர், 50 மீட்டரில் சுமார் 2 சென்டி மீட்டர் விலக்கிவிடும். 5 டிகிரி என்பது கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு முள் நகரும் அளவைவிட குறைவு. வெறும் கண்ணுக்கு சட்டென்று தெரியாது.

குறியை திருத்துவது

அட்டைக்கு பின்னால் மணல் மூட்டை அடுக்காமல் சுடக்கூடாது. கல்லிலோ சுவரிலோ பட்டால் ரவை திரும்பி வந்து கண்ணை பதம் பார்க்கும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகள் பக்கத்திலேயே வரக்கூடாது. மொட்டை மாடியில் இருந்து சுடுவது வேண்டவே வேண்டாம். தவறிய ரவை 200 மீட்டரை தாண்டியும் போகும். பக்கத்து தெருவில் யார் நடந்து போகிறார் என்று யாருக்குத் தெரியும்?

10 மீட்டரில் ஐந்து ரவை சுட்டு, ஐந்துக்கும் நடுவில் உள்ள புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ரவையை பார்த்துவிட்டு திருகை திருப்பினால் பொழுதுக்கும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மேல் திருகு ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத் திருகு இட வலத்துக்கு. அம்புக்குறி காட்டும் பக்கம் ரவை நகரும். 'கால் எம்.ஓ.ஏ.' என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பில் 10 மீட்டரில் ரவையை ஒரு அங்குலம் நகர்த்த சுமார் 35 கிளிக் ஆகும். 25 மீட்டரில் சுமார் 14 கிளிக் போதும். இது தெரியாமல் நாலு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யல" என்று பெட்டியில் போட்டு திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

சுடும்போது ஸ்பிரிங் ஏர்கன்னை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. மூட்டை மேல் நேரடியாகவும் வைக்கக்கூடாது. மூட்டை மேல் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியை சும்மா கிடக்க விட வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு எடுத்து, வளையமும் ஸ்கோப் குழாயும் சேரும் இடத்தில் கோடு மாதிரி இழுத்துவிடுங்கள். வளையமும் துப்பாக்கி முதுகும் சேரும் இடத்திலும் ஒன்று. 50 ரவை சுட்டதும் ஒரு தடவை பாருங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்கோப் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி வாளியும் தூக்குக்குண்டும்தான்.