அதிர்வு வாங்கும் மவுண்ட்

டெக்சஸ் மாநிலத்துப் போர்ட் வொர்த்தில், ஏர்போர்ஸ் ஏர்கன்ஸ் என்னும் நிறுவனம், முன்னதாகவே அழுத்தி அடைத்த காற்றால் இயங்கும் ரைபிள்களைத் தயாரிக்கிறது. அவ்வகைத் துப்பாக்கி அதிகம் உதைப்பதில்லை. ஆகவே குறிபார்க்க அதன்மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு அபாயமும் குறைவு. ஆனால் ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடும் பழைய ஜாதி ஏர் ரைபிளோ, பார்வைக்குச் சாதுவாயிருந்தும், பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையைத் தாங்கிய ஸ்கோப்பையே பழுதாக்கிவிட வல்லது.

இதன் காரணம் உதையின் அளவில் இல்லை, திசையில் இருக்கிறது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டுக் கனமான பிஸ்டனை முன்னே தள்ள, துப்பாக்கி பின்வாங்குகிறது. பிஸ்டன் குழாயின் கோடியில் நெருங்கித் திரண்ட காற்றில் மோதித் தடைபட்டதும், துப்பாக்கி சடாரென முன்னே வெட்டி இழுக்கப்படுகிறது. ஓடத்தின் பின்கோடியிலிருந்து ஒருவன் முன்கோடிக்கு ஓடி அங்கே மோதி நின்றால் ஓடம் படும் பாடு இதுதான். பின்னுதையை மட்டுமே எதிர்பார்த்துச் செய்யப்பட்ட ஸ்கோப்பில், இந்த முன்வெட்டினால் குறுக்குக் கம்பி அறுவதும், கண்ணாடிவில்லை தளர்வதும், ஸ்கோப் முழுவதுமே தன் ஸ்தானத்தைவிட்டு நழுவுவதும் உண்டு.

இதற்குப் பரிகாரமாக, ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்து டயானா நிறுவனம் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் ‘இசட்.ஆர்.’ என்ற மவுண்டைக் கொண்டுவந்தது. அதன் கீழ்ப்பகுதி துப்பாக்கியோடு இறுகியிருக்க, ஸ்கோப்பைத் தாங்கும் மேல்பகுதி உருக்குத் தண்டுகளின்மேல் ஸ்பிரிங்குகளுக்கு இடையே முன்பின்னாக நகர்கிறது. நான்கு கிலோ ரைபிளில் கால் கிலோ பிஸ்டன் 100 மி.மீ. ஓடினால், தடையற்ற நிலையில் துப்பாக்கி சுமார் 6 மி.மீ. பின்வாங்க வேண்டும் என்பது கணக்கு. அந்தச் சிறு பிரயாணத்தை ரைபிள் செய்து முடிக்கையில், ஸ்கோப் தன் ஜடத்துவத்தால் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆடும் ஸ்கோப்பைக் கொண்டு குறி வைப்பதெங்ஙனம் என்ற சந்தேகம் நியாயமானதே. எனினும், குழலுக்குச் சமாந்தரமாக ஸ்கோப் சில மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்வதால் அது காட்டும் திசை மாறுவதில்லை, சாய்ந்தால்தான் மாறும். தாங்குமிடங்கள் 100 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்க, ஒரு முனை 0.02 மி.மீ. மட்டும் தாழ்ந்துவிட்டாலும், 30 மீட்டர் தூரத்தில் குறி 6 மி.மீ. விலகும், 4.5 மி.மீ. குண்டின் விட்டத்தைவிட அது அதிகம்.

ஆகவே இந்த மவுண்டின் ஆயுளை நிர்ணயிப்பது ஸ்பிரிங்கின் பலத்தைக் காட்டிலும் தண்டுக்கும் அதன் துளைக்கும் உள்ள பொருத்தமே. ஆயிரக்கணக்கான முறை உராய்ந்தபின் துளை விரிந்தாலும், தூசி புகுந்து தண்டைக் கீறினாலும், ஸ்கோப் ஒவ்வொரு வேட்டுக்குப் பின்பும் பழைய கோணத்திற்கே திரும்பும் என்ற நிச்சயம் போய்விடுகிறது. வாங்கிய அன்று குறியட்டையில் துளைகள் நெருங்கி விழுவதைக் கண்டு மயங்காமல், திருகுகளின் இறுக்கத்தைச் சோதித்து, அதே குண்டு, அதே தூரம், அதே தாங்குபலகை என்ற நியதியில் சில மாதங்களுக்கு ஒருமுறை சுட்டு, அட்டைகளைத் தேதியிட்டுச் சேர்த்து வைப்பவனுக்கே தேய்மானம் எப்போது தொடங்கியது என்பது புலப்படும். குறி படிப்படியாக ஒரே பக்கம் விலகினால் திருகைச் சந்தேகிக்கலாம். நிலையின்றி இருவேறு இடங்களில் மாறி மாறி விழுந்தால், ஸ்கோப்பைக் குறை கூறுமுன் மவுண்டைக் கழற்றிப் பார்ப்பதே உசிதம்.