கட்டுமரமும் மேலமர் கயாக்கும்

சுவா சூ காங் என்னும் ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'காங்' என்பது தியோச்சியூச் சீனத்தில் ஆற்றைக் குறிக்கும். 'சுவா' குடிப்பெயர், 'சூ' என்பது வீடு. மிளகும் காம்பியரும் பயிரிட வந்த சீனர் ஆற்றங்கரைகளில் குடியேறிய காலத்தின் நினைவு அது. லிம் சூ காங், இயோ சூ காங் என்பனவும் அவ்வழிப் பிறந்த பெயர்களே. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இவ்வூரின் நடுவே நிற்பவர்க்கு அந்தப் பழைய ஆறு தென்படாது. ஆயினும் வடக்கே, 1975இல் ஆற்றின் முகத்தில் அணைகட்டி அமைத்த கிராஞ்சி நீர்த்தேக்கமும், அதற்கப்பால் ஜொகூர் நீரிணையும் உள்ளன.

ஓய்வு நாள்களில் நீரை நாடிச் செல்வோர் இந்நாட்டில் பலர். பொழுதுபோக்கவும் தூண்டிலிடவும் கயாக் ஒன்று வாங்க விரும்புவோரும் உளர். எதனைத் தேர்வது என்னும் வினாவுக்கு விடை காண, நம் கடற்கரையில் தோன்றிய கலம் ஒன்றை முதலில் நினைவுகூர்தல் நன்று.

இருவகைக் கயாக்

கயாக் என்பது வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் சொல். மரத்தாலோ எலும்பாலோ சட்டம் அமைத்து, கடல்நாய்த் தோலைப் போர்த்து, நடுவே ஒருவர் இடுப்பளவு நுழையும் துளை விட்டு அதனைச் செய்தனர். குளிர்நீர் மேலே படாமல் காப்பதே அதன் முதல் நோக்கம். அவ்வழி வந்தது உள்ளமர் கயாக். அது கவிழ்ந்தால் உள்ளே நீர் நிறையும்; நிமிர்த்தி நீரை இறைப்பது பழகாதவர்க்கு அரிது.

மற்றொன்று மேலமர் கயாக். நாற்புறமும் மூடிய ஞெகிழி உடலின்மேல் இருக்கை அமைந்திருக்கும். மேலே விழும் நீர், உடலை ஊடுருவிச் செல்லும் வடிகால் துளைகள் வழியே கீழே இறங்கிவிடும். கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறி அமரலாம். உடல் நனைவது உறுதி. ஆனால் வெப்பமான சிங்கப்பூர் நீரில் நனைதல் குறையன்று.

கட்டுமரத்தின் தத்துவம்

இதே தத்துவத்தில் இயங்குவது நம் கட்டுமரம். மரங்களைக் கயிற்றால் பிணைத்த அக்கலத்தில் நீரைத் தடுக்கும் பக்கச் சுவர்கள் இல்லை. அலை ஏறினால் இடைவெளிகள் வழியே இறங்கிவிடும். புணை, திமில், அம்பி, தோணி, பஃறி, நாவாய், வங்கம் எனக் கலங்களை வேறுபடுத்திப் பெயரிட்ட மொழி நம்முடையது.

ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இக்கலத்தைக் குறித்தார். பின்னர் 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரெஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்க்கலம் ஒன்றைக் கட்டினார். அவ்வகைக் கலத்துக்கே 'கட்டமரான்' என்னும் பெயர் நிலைத்தது. இதில் ஒரு விந்தை உண்டு. நம் சொல்லைத் தாங்கிய கலம் கட்டுமரத்தினும் வேறுபட்டது. தத்துவத்தில் நெருங்கிய கலமோ இனுவிட் சொல்லைத் தாங்கி நிற்கிறது. இதுகொண்டு, மேலமர் கயாக் கட்டுமரத்திலிருந்தே பிறந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஒத்த தேவை ஒத்த வடிவைத் தரும் என்பதே இங்கு நாம் கொள்ளத்தக்கது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. கட்டவிழ்ந்தாலும் மரம் மிதக்கும். கயாக்கோ உட்குடைவானது, விரிசல் கண்டால் நீர் புகுந்து கனக்கும். ஆகவே வாங்குமுன் உடலையும் மூடிகளையும் அடைப்பானையும் ஆராய்தல் வேண்டும். தூண்டில் தாங்கிக்காகத் தாமே துளையிடுவோர் அத்துளையை நன்கு அடைத்தல் இன்றியமையாதது.

தேர்வு முறை

முதலாவது, அளவு. குறுகி நீண்ட கயாக் விரைந்து நேரே செல்லும். அகன்று குறுகிய நீளம் கொண்டது நிலைத்து நிற்கும். தூண்டிலிடுவோர் பக்கவாட்டில் திரும்பவும் மீனை இழுக்கவும் வேண்டியிருப்பதால் அகலம் நாடுவர். ஏறக்குறைய 3 முதல் 3.7 மீட்டர் நீளமும் 75 முதல் 85 செண்டிமீட்டர் அகலமும் தொடக்கநிலையினர்க்குப் பொருந்தும்.

இரண்டாவது, சுமை. குறித்துள்ள எல்லையில் 70 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது. 75 கிலோ எடையுள்ளவர் 20 கிலோ பொருளுடன் சென்றால் மொத்தம் 95 கிலோ. அவருக்கு ஏறத்தாழ 136 கிலோவோ அதற்கு மேலோ தாங்கும் கலம் வேண்டும். சுமை மிகுந்தால் வடிகால் துளை வழியே நீர் கீழிருந்து மேலேறும். இருக்கை எப்போதும் நனைந்திருப்பதே அதற்கு அறிகுறி.

மூன்றாவது, செலுத்தும் முறை. துடுப்புக் கயாக் விலையிலும் எடையிலும் குறைந்தது. மிதிவகை, கைகளைத் தூண்டிலுக்கு விட்டுக்கொடுக்கும். ஆயின் கனமும் விலையும் மிகுதி, ஆழமற்ற நீரில் தரை தட்டும்.

நான்காவது, வைக்கும் இடம். இந்நாட்டில் பலரும் இதனைக் கடைசியில்தான் எண்ணுகின்றனர். மூன்றரை மீட்டர்க் கலம் மின்தூக்கியில் நுழையாது. அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. வைக்க இடமில்லாதோர் காற்றடைக்கும் வகையையோ, வாடகைக் கயாக்கையோ நாடுதல் அறிவுடைமை.

கலத்தினும் பெரியது

நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களிலேயே மீன்பிடிக்கலாம்; செயற்கை இரையே பயன்படுத்த வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. நீரிணையில் நாட்டெல்லையும் தடைப்பகுதிகளும் உள்ளன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை வீசும் சுமத்ராச் சூறை, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்து வரும். 2019 ஆகஸ்டில் மலேசியாவின் எண்டாவ் கடற்பகுதியில் குழுவிலிருந்து பிரிந்த கயாக்கில் சென்ற சிங்கப்பூரர் இருவர் உயிரிழந்தனர். மிதவைச் சட்டை, ஊதல், நீர்புகா உறையில் கைப்பேசி, உடன் ஒருவர் ஆகியவை இல்லாமல் செல்லுதல் தகாது. வானிலை அறிவிப்பை நோக்கிய பின்னரே கரை நீங்குக.

மாணவர் கட்டுரையில் எல்லாவற்றையும் 'படகு' என்றே எழுதக் காண்கிறோம். மேலமர் கயாக், உள்ளமர் கயாக் என்று வேறுபடுத்திச் சொல்லப் பழக்கினால், சொல்லோடு பொருளின் இயல்பும் விளங்கும். அவ்விளக்கம் நீரில் இறங்குவோர்க்கு உயிர்க்காவலும் ஆகும்.