முப்பதுக்கு நாற்பது சைட்

பெங்களூருவில் வீடு கட்ட மனை தேடுகிறவர்கள் அடிக்கடி சொல்வது 'தர்ட்டி ஃபார்ட்டி சைட்'. அகலம் 30 அடி, நீளம் 40 அடி, பரப்பு 1200 சதுர அடி. அங்கே கடைக்கால் தோண்டும் முன் மேஸ்திரி நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுவார். நான்கு பக்க அளவும் சரியாக இருந்தாலும் விடமாட்டார். டேப்பை மூலைக்கு மூலை குறுக்கே பிடிப்பார். இரண்டு மூலைவிட்டமும் 50 அடி வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஏன் என்று நீங்களே செய்து பாருங்கள். அட்டையில் 6 செ.மீ. பட்டைகள் இரண்டு, 8 செ.மீ. பட்டைகள் இரண்டு வெட்டி, முனைகளைக் குண்டூசியால் கோத்துச் செவ்வகமாக்குங்கள். ஒரு மூலையை லேசாகத் தள்ளினால் போதும், சாய்ந்துவிடும். பக்கங்கள் துளியும் மாறவில்லை, ஆனால் செவ்வகம் சாய்ந்த இணைகரமாகிவிட்டது! மூன்று பட்டைகளால் முக்கோணம் செய்தால் அது அசையாது.

மனையும் இப்படிச் சாய்ந்து, ஒரு மூலைவிட்டம் 40 அடியாகக் குறுகினால் மற்றது ஏறத்தாழ 58 அடியாக நீளும். பரப்பு சுமார் 1112 சதுர அடிதான். 88 சதுர அடி காணாமல் போகும்; ஒரு சின்ன அறையே போன மாதிரி.

1150-இல் 'லீலாவதி' எழுதிய இரண்டாம் பாஸ்கரருக்கு இது நன்றாகத் தெரியும். மூலைவிட்டமோ செங்குத்து உயரமோ சொல்லாமல், நான்கு பக்கங்களை மட்டும் கொடுத்து நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரை அவர் பேய் என்றே திட்டுகிறார். அதற்கு விடை சொல்லக் கிளம்புபவர் மீது இன்னும் கோபம். எனக்கு மிகவும் பிடித்த கோபம் அது.

ஆகவே நாற்கரத்தின் பெயரை மூலைவிட்டங்களிடம் கேளுங்கள். ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டினால் இணைகரம். அத்துடன் நீளமும் சமமானால் செவ்வகம். சரிபாதியாக வெட்டுவதோடு செங்குத்தாகவும் வெட்டிக்கொண்டால் சாய்சதுரம். இரண்டும் சேர்ந்தால் சதுரம். அதனால்தான் ஒவ்வொரு சதுரமும் செவ்வகம், சாய்சதுரம் இரண்டுமாகவும் இருக்கிறது. ஆனால் மூலைவிட்டங்கள் சமம் என்பது மட்டும் போதாது, இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமம்தான். மேஸ்திரி எதிர்ப்பக்கங்களை முதலிலேயே அளந்துவிடுவதால் ஏமாறுவதில்லை.

இப்போது அதே நான்கு பட்டைகளைக் கழற்றி, 6, 6, 8, 8 என்ற வரிசையில் கோத்துப் பட்டம் செய்யுங்கள். பட்டத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடு மூலைவிட்டத்தை 10 செ.மீ.க்கு வையுங்கள். பரப்பு 48 சதுர செ.மீ., முதலில் செய்த செவ்வகத்தின் பரப்பேதான். குறுக்கே போகும் இன்னொரு மூலைவிட்டத்தின் நீளம் என்ன, கண்டுபிடியுங்கள்!