ஐந்து ரூபாய்க்குள் ஒரு விமானம்

பூதலூர் கடைத்தெருவில் மீதிச் சில்லறையாக வரும் ஐந்து ரூபாய்க் காசுகளைப் புரட்டிப் பார்த்தால், எப்போதாவது ஒன்றில் தஞ்சைப் பெரிய கோயில் தென்படும். கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவையொட்டி 2010-ல் வெளியான நினைவு நாணயம் அது.  

நம் ஆயிரமாண்டுக் கணக்குக்கு ஆதாரம் கோயில் சுவரிலேயே இருக்கிறது. கோயிலைக் கட்டிய சோழ அரசன் ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்தான் என்றும், அதன் எடை 3,083 பலம் என்றும் கல்வெட்டு சொல்கிறது. அவன் அரியணை ஏறியது 985-ல். கூட்டிப் பார்த்தால் 1010 வருகிறது.

அந்த விமானத்தின் உயரம் 216 அடி. காசின் விட்டம் 23 மில்லிமீட்டர். விளிம்பு முதல் விளிம்பு வரை முழு இடத்தையும் கோயிலுக்கே கொடுத்தாலும், ஏறத்தாழ 2,900 மடங்கு சுருக்கியாக வேண்டும். மேடு பள்ளத்துக்கு இன்னும் நெருக்கடி. உருவம் காசின் விளிம்பைவிட உயர்ந்துவிடக் கூடாது. உயர்ந்தால் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. கைமாறும்போது கோபுரம்தான் முதலில் தேயும்.

இதில் பலருக்கும் தெரியாத வியப்பு ஒன்று உண்டு. காசின் உருவம் உலோகத்தை உருக்கி வார்த்து வருவதில்லை. எஃகு அச்சுகள் இரண்டுக்கு நடுவே வெறும் உலோக வில்லையை வைத்து, பல டன் விசையில் ஒரே அழுத்து. கொழுக்கட்டை அச்சில் மாவு பரவுவதுபோல, உருகாத உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறிக்கொள்கிறது. உலோகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விசை போதுமான அளவு கூடினால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் நழுவும். ஆனால் பிடிப்பு விட்டுப்போகாது. கண்ணாடி நொறுங்குகிற இடத்தில் செம்பு வளைந்துகொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

நழுவ நழுவ அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், உலோகம் இறுகும். அதனால்தான் வில்லைகளை முதலில் சூடேற்றிப் பதப்படுத்தி இளக்குகிறார்கள். அச்சுக்குள் போகும்போது இளக்கமாக இருந்த வில்லை, அந்த அடியாலேயே கெட்டியான காசாகி வெளியே வருகிறது.

மீதி உறுதி கலவையால் கிடைப்பது. இந்தக் காசில் செம்பு 75 பங்கு, துத்தநாகம் 20, நிக்கல் 5. துத்தநாக அணு செம்பு அணுவைவிடச் சற்றுப் பெரியது. செம்பின் ஒழுங்கான வரிசைக்குள் அது முண்டிக்கொண்டு உட்காருவதால் அடுக்குகள் எளிதில் நழுவுவதில்லை. காசின் மஞ்சள் நிறமும் துத்தநாகம் தந்ததே.

ராஜராஜன் காலத்து அக்கசாலையில் இந்த வேலையைச் சுத்தியல் செய்தது. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் செம்பு வில்லை, ஓங்கி ஓர் அடி. அச்சு கொஞ்சம் விலகினால் எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விடும். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவத்தின் பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர்: இதுதான் அவனுடைய செப்புக்காசின் அமைப்பு. இலங்கையில் சோழர் ஆட்சி முடிந்த பிறகும், பராக்கிரமபாகு, லீலாவதி போன்ற சிங்கள ஆட்சியாளர்கள் இதே அமைப்பில்தான் தங்கள் காசுகளை அடித்தார்கள்.

பெரிய கோயிலுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமும் உண்டு. 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம் எடை, வெள்ளியோடு செம்பு கலந்தது. சேகரிப்பவர்களுக்காக மும்பை நாணயச்சாலை அடித்தது. இதற்கு முன்பே, 1954-ல் வெளியான ஆயிரம் ரூபாய்த் தாளில் இதே கோயில் அச்சாகியிருந்தது. 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு உயர் மதிப்புத் தாள்களைச் செல்லாது என்று அறிவித்தபோது அதுவும் போயிற்று. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜராஜனின் மகன் ராஜேந்திரனுக்கும் நினைவு நாணயம் வெளியாகிவிட்டது.

ஐந்து ரூபாய்க் காசு கிடைத்தால் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சிறு வைரக்கட்டம் இருந்தால் அது மும்பையில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். இந்தக் காசுக்கு லட்சம் தருகிறேன் என்று யாராவது போனில் பேசி முன்பணம் கேட்டால் வைத்துவிடுங்கள். பழைய காசின் பெயரால் நடக்கும் இந்த மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. கடையில் இதன் மதிப்பு ஐந்து ரூபாய்தான். பிள்ளைகளுக்குக் காட்டி உலோகம் எப்படி வளைகிறது என்று விளக்க அது தாராளமாகப் போதும்.