கவர்மென்ட் சந்தைக்குப் போனா...!

தமிழ்நாட்டுலேயே பெரிய சாப்பாட்டு ராமன் யார் தெரியுமா? உங்க ஹாஸ்டல்ல பதினாலு பரோட்டாவை உள்ளே தள்ளிட்டு பதினஞ்சாவதுக்குக் கை நீட்டுற சீனியர் இல்லை பாஸ். சாட்சாத் தமிழ்நாடு அரசாங்கமேதான்!

சுமார் 43 ஆயிரம் சத்துணவு மையங்கள், 54 ஆயிரத்துச் சொச்சம் அங்கன்வாடிகள், காலை உணவுத் திட்டத்துல 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டீஸ், ரெண்டு கோடியைத் தாண்டின ரேஷன் கார்டுகள். இது போக அரசு விடுதி, ஆஸ்பத்திரி, ஜெயில்னு லிஸ்ட் நீளுது. இத்தனை பேருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, காய்கறி வாங்கியாகணும். அவ்வளவு பெரிய பையைத் தூக்கிட்டு ஒருத்தர் மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சா, அவர் எந்தக் கடை பக்கம் திரும்புறாரோ அந்தக் கடைக்காரர் வீட்டுல அன்னிக்கு தீபாவளி. திரும்பாத பக்கம்..?

இந்த வார மேட்டர் அதுதான். பெரிய இடத்துல இதுக்கு 'நீடித்த பொதுக் கொள்முதல்'னு கோட்டு சூட்டு போட்ட பேர் வெச்சிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, ஊர்ப்பணத்துல வாங்குற சோத்தை ஊருக்கும் பிரயோஜனமா வாங்குறது!

தறி சொல்லித் தந்த கணக்கு

திண்டுக்கல்னா பூட்டும் பிரியாணியும்தான்னு நினைச்சிட்டிருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். எங்க நாகல் நகர், சௌராஷ்டிர நெசவாளர்கள் குடியிருந்து வளர்த்த ஏரியா. ஒரு காலத்துல தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்ட இடம். சோத்தைப் பத்திப் பேசும்போது தறி எங்கே வந்துச்சுன்னு கேட்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

தறிக்காரருக்கு நெய்யத் தெரியும். நெய்ததை வருஷம் பூரா விக்கிறதுதான் பெரும்பாடு. பண்டிகை சீஸன் முடிஞ்சா சரக்கு தேங்கிடும், கையில காசு ஓடாது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில இலவச வேட்டி-சேலைத் திட்டம் வந்தப்போ அதுக்கு ரெண்டு நோக்கம் சொன்னாங்க. ஏழைகளுக்குப் பொங்கலுக்குத் துணி. நெசவாளருக்குத் தொடர்ந்து வேலை. எங்கேயோ இருக்கிற பெரிய மில்லுக்கு மொத்த ஆர்டரைக் கொடுத்திருந்தா பணம் கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம். ஆனா ஆர்டர் கூட்டுறவு சங்கங்களுக்குப் போச்சு. பள்ளிக்கூட இலவச யூனிஃபார்மும் அப்படித்தான். நெசவாளர் சங்கத் துணி, அதைத் தைக்கிறது மகளிர் தையல் கூட்டுறவு சங்கம்.

குறையே இல்லையான்னா, ஏகப்பட்டது இருக்கு. இப்போ அதுல பெரும்பகுதி பவர்லூம்ல ஓடுது, கைத்தறிக்குப் பங்கு குறைஞ்சு போச்சு. ஆனாலும் ஒரே ரூபாய் உடுத்துறவருக்கும் உதவுது, நெய்றவருக்கும் உதவுது. நாற்பது வருஷமா துணியில நமக்குத் தெரிஞ்ச இந்தக் கணக்கை சோத்துல முழுசா போட்டுப் பார்த்தோமா? பாதிதான் போட்டிருக்கோம்னு எனக்குத் தோணுது.

தட்டுல இருக்கறது எந்த ஊர்ச் சரக்கு?

பள்ளிக்கூடச் சாப்பாட்டு வரலாறு உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளியில ஆரம்பிச்சது, 1956-ல் காமராஜர், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1920 தீர்மானத்துலயே ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவாகக் கூடாதுன்னு கண்டிஷன் உண்டு. 'கம்மி ரேட்டு' கவலைக்கு வயசு நூறுக்கு மேல!

இப்போ தட்டைப் பார்ப்போம்.

அரிசி பரவாயில்லை, முக்கால் பாஸ். 1972-ல் வந்த நுகர்பொருள் வாணிபக் கழகம், நேரடி நெல் கொள்முதல் நிலையம் வெச்சு விவசாயிகிட்டயே வாங்குது. 2002-லிருந்து மத்திய தொகுப்புக்கான நெல்லையும் மாநிலமே வாங்கி இங்கேயே செலவழிக்கிற முறை வந்துச்சு. 2025-26 சீஸனுக்கு மத்திய அரசு விலையோட மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து, சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். மழையில மூட்டை நனையுது, லாரி வரலைங்கிற புலம்பல் வருஷா வருஷம் உண்டு. இருந்தாலும், 'என் நெல்லை வாங்க ஒருத்தன் இருக்கான்'னு டெல்டா விவசாயி விதைக்கும்போதே சொல்ல முடியுது இல்லையா... அதுதான் விஷயம்.

முட்டை இன்னொரு நல்ல கதை. 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சு, 2010-ல் வாரத்துக்கு அஞ்சு ஆச்சு. நாமக்கல் பண்ணைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாடிக்கைன்னு தனியா சொல்லணுமா என்ன?

எண்ணெயிலதான் சறுக்குறோம். 2007-ல் வந்த சிறப்பு பொது விநியோகத் திட்டத்துல ரேஷன்ல லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது பாமாயில். அது கப்பல் ஏறி வர்றது மலேசியாவுல இருந்தும் இந்தோனேசியாவுல இருந்தும். இங்கே பொள்ளாச்சி, திருப்பூர் பக்கத்து தென்னை விவசாயிகள், 'எங்க தேங்காய் எண்ணெயை ரேஷன்ல கொடுங்க'ன்னு போராடிப் பார்த்துட்டாங்க. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 2025-ல் தேங்காய் விலை தாறுமாறா ஏறுனது ஞாபகம் இருக்கா? அந்த நேரத்துல மாநிலம் முழுக்க தேங்காய் எண்ணெய்னு கையெழுத்துப் போட்டிருந்தா கஜானா கதி அதோகதி. 'உள்ளூர்லயே வாங்கு'ங்கிறது மந்திரம் மாதிரி எல்லாத்துக்கும் பலிக்காது. விலை விழுறப்போ மட்டும் ஒரு குறிப்பிட்ட அளவு வாங்கிக்கிறோம்னு தென்னை அதிகமுள்ள ஒரே ஒரு மாவட்டத்துல ட்ரை பண்ணிப் பார்க்கலாம்ங்கிறது என் கட்சி.

கத்திரிக்காய்க்கு ஒரு கால்குலேட்டர்

காய்கறிக்கு வருவோம். எங்க மாவட்டத்துக்காரங்க காலரைத் தூக்கிவிட்டுக்கிற ஏரியா. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வர்ற தக்காளி, முருங்கை, கத்திரி, சின்ன வெங்காயத்துல பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறுது. வரத்து அதிகமாயிட்டா விலை பாதாளம்! பறிப்புக் கூலிகூடத் தேறாம தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டுப் போற போட்டோவை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். அதே வாரத்துல பக்கத்து கிராமத்து ஸ்கூல் சாம்பார்ல தக்காளி எத்தனை மிதந்துச்சுன்னு யாரும் போட்டோ எடுக்கலை.

மத்திய அரசு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி, நடுநிலைக்கு 75 கிராம். இஞ்சினீயரிங் புத்தி சும்மா இருக்குமா, கால்குலேட்டரை எடுத்தேன். 100 பிள்ளைங்க படிக்கிற தொடக்கப் பள்ளிக்கு தினமும் 5 கிலோ. 200 வேலை நாள்னு வெச்சா வருஷத்துக்கு ஒரு டன். ஒரு லட்சம் பிள்ளைங்கன்னா தினமும் 5 டன். அவ்வளவுதானா..? அவ்வளவேதான்! ஒட்டன்சத்திரத்துக்கு அது ஒரு சின்ன லாரி லோடு. சத்துணவு வாங்கினா தக்காளி விலையே விழாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா அந்த 5 டன்னை வேற மாதிரி பாருங்க. தினம் 100 கிலோ கொடுக்கிற 50 விவசாயிகள். 'ஜூன்ல ஸ்கூல் திறக்குது, உங்ககிட்ட இவ்வளவு கத்திரி, இவ்வளவு முருங்கை, இந்த விலைக்கு வாங்கிக்கிறோம்'னு விதைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர் கையில இருந்தா? கிணத்துத் தண்ணி எவ்வளவு இருக்கு, எதை எப்போ நடலாம்னு அவர் பிளான் பண்ணலாம். கந்துக்காரர்கிட்ட கை நீட்டாம பேங்க்ல அந்தப் பேப்பரைக் காட்டலாம். லாட்டரிச் சீட்டு மாதிரி இருந்த விவசாயம் மாசச் சம்பளம் மாதிரி ஆகும். கிலோவுக்கு ஒரு ரூபா கூடக் கிடைக்காட்டியும் இந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கு. டெண்டர் ஃபாரத்துலதான் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதி சரியா இருந்தா குறைஞ்ச விலை கேட்டவருக்கே ஆர்டர். ஊழலைத் தடுக்க அது தேவையும்கூட. விதிவிலக்குகளும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கு.

'உள்ளூர்ல வாங்குனா அமைப்பாளரும் கடைக்காரரும் கூட்டு சேர்ந்து பில்லை ஏத்திட மாட்டாங்களா?'ன்னு நீங்க கேட்கறது காதுல விழுது. நியாயமான சந்தேகம். அதுக்கும் நம்மகிட்டயே ஒரு மருந்து இருக்கு... உழவர் சந்தை! 1999-ல் மதுரையில ஆரம்பிச்சது. தினமும் காலையில விலையை முடிவு பண்ணி போர்டுல எழுதிப் போட்டுடுறாங்க. அந்த போர்டு விலையை அளவுகோலா வெச்சு பில்லை ஒத்துப் பார்த்தா வேலை முடிஞ்சது. விவசாயியும் அங்கேயே உட்கார்ந்திருக்கார், விலையும் அங்கேயே தொங்குது.

உத்தரவுல இருக்கிற சோளம்

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டத்தோட உத்தரவுல ஒரு சூப்பர் வரி உண்டு. வாரத்துல குறைஞ்சது ரெண்டு நாளாவது அந்தந்த ஊர்ல கிடைக்கிற சிறுதானியத்துல டிபன் கொடுக்கணுமாம். கிராமங்கள்ல சமைக்கிறது சுய உதவிக் குழுப் பெண்கள். அதாவது அந்த ஊர் அம்மாக்களுக்கே வேலை. இதுல பாதி கிணறு தாண்டியாச்சு.

மீதிப் பாதி? எங்க மாவட்டத்துல வேடசந்தூர், குஜிலியம்பாறை பக்கம் மானாவாரியில சோளம் விளையுற பூமி இருக்கு. ஆனா உத்தரவு போட்ட உடனே சோளம் குண்டானுக்குள்ள வந்து குதிச்சிடாது. யாராவது சேர்த்து வாங்கணும், கல் பொறுக்கணும், உடைக்கணும், ரவையாக்கி ஸ்கூலுக்குக் கொண்டுபோகணும். சாமை, வரகு, தினை இன்னும் மோசம். கெட்டியான உமி, பொடிப்பொடி மணி. உமி நீக்குற மெஷின்ல கொஞ்சம் அழுத்திட்டா நொய்யாயிடும், கொஞ்சம் விட்டுட்டா உமி தொண்டையில குத்தும். (மெக்கானிக்கல் மாப்ளைகளே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டாப்பிக் கிடைக்கலைன்னு இனி அழாதீங்க!)

கேழ்வரகுக்கு இந்தத் தலைவலி கம்மி, அரைச்சா மாவு. 2023 மே மாசம் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகள்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிற திட்டம் வந்தப்போ அதனாலதான் சுலபமா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். அப்போ உணவுத்துறை அமைச்சரா இருந்த அர.சக்கரபாணி நம்ம ஒட்டன்சத்திரம் தொகுதிக்காரர்தான். இந்த மாதிரி திட்டத்துல முன்னோடி ஒடிசா. மலைகிராம விவசாயிகள்கிட்ட ஆதரவு விலைக்குக் கேழ்வரகை வாங்கி ரேஷன்ல கொடுத்தாங்க, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு லட்டாவும் பிடிச்சுக் கொடுத்தாங்க. சாப்பிட ஆள் ரெடின்னு தெரிஞ்சா விதைக்க ஆள் வரத்தான் செய்யும்.

கடல் தாண்டிப் போனா பிரேசில். கால்பந்து மட்டும் இல்லைங்க, இதுலயும் அவங்கதான் கில்லி. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தர்ற பணத்துல குறைஞ்சது 30 சதவிகிதம் சிறு, குடும்ப விவசாயிகள்கிட்ட நேரடியா வாங்கியே ஆகணும்னு 2009-ல் சட்டம் போட்டாங்க. அதை 45 சதவிகிதமா உயர்த்தி 2025-ல் இன்னொரு சட்டம். நம்ம நாட்டுல 2021-ல் மதிய உணவுத் திட்டம் 'பி.எம். போஷன்' ஆனப்போ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், மகளிர் குழுக்கள்கிட்ட வாங்கறதை ஊக்குவிக்கிறோம்னு சொன்னாங்க. 'ஊக்குவிக்கிறோம்'னு சொல்றதுக்கும் 'வாங்கியே ஆகணும்'னு சொல்றதுக்கும், அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதம் 'இருந்தா நல்லது', 'இல்லேன்னா எக்ஸாம் எழுத முடியாது' அளவுக்கு வித்தியாசம்!

நாம என்ன பண்ண?

மொதல்ல நம்ம மெஸ். டிவைடிங் சிஸ்டம்னா அந்தக் காசு நம்ம காசு. மெஸ் கமிட்டியில இருக்கிறவங்க காய்கறி கான்ட்ராக்ட் கொட்டேஷனை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. கிலோ ரேட்டு மட்டும்தான் இருக்கும். பக்கத்து உழவர் நிறுவனத்துகிட்டயும் ஒரு கொட்டேஷன் கேளுங்க. ரெண்டு ரூபா வித்தியாசம் வந்தா ஆளுக்கு மாசம் எவ்வளவு கூடுதுன்னு கணக்குப் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. ஓட்டெடுப்புல தோத்தாலும் பரவாயில்லை.

அப்புறம் உங்க ஊர் ஸ்கூல். காய்கறியை எங்கே, என்ன விலைக்கு, எவ்வளவு வாங்கறாங்கன்னு தெரிஞ்சுக்க 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதினா போதும். மூணு மாசத்து காய்கறி பில் நகலையும், அதே நாட்களுக்கான உழவர் சந்தை விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. விண்ணப்பத்துல 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறந்துடாதீங்க. பதில் 30 நாளுக்குள்ள வரணும்.